பழைய ஃபோக் ராக் பாட்டுகளில் கேட்கும் பேஸ் எது? எப்படிக் கண்டுபிடிப்பது?

#1 புதுவிரல்

வணக்கம். ஒன்றரை வருஷமாக பேஸ் கிட்டார் பழகுகிறேன். கொஞ்ச நாளாக மனசு முழுக்க 1960-களின் ஃபோக் ராக் (நாட்டுப்புற இசையும் ராக்கும் கலந்தது) பக்கம் போய்விட்டது. அந்தப் பதிவுகளில் பேஸ் ஒலிக்கும் விதமே தனி. சத்தம் நல்ல தடியாக இருக்கிறது, ஆனால் இழுத்துக்கொண்டே போகாமல் சட்டென்று அடங்கிவிடுகிறது. என் பேஸில் என்ன செய்தாலும் அது வரவில்லை.

சரி, யார் என்ன கருவி வைத்திருந்தார்கள் என்று பார்ப்போம் என்று இணையத்தில் கிடைத்த படங்களையெல்லாம் வைத்து ஒரு பட்டியல் போட்டேன்.

பேர்ட்ஸ் குழுவின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்': படங்களில் கிறிஸ் ஹில்மன் கையில் இருக்கும் பேஸ்.
மாமாஸ் அண்ட் பாபாஸின் 'கலிஃபோர்னியா ட்ரீமின்': குழுவில் பேஸ் வாசிப்பவரே இல்லை, அதனால் காலியாக விட்டிருக்கிறேன்.
தி பேண்ட் குழுவின் 'ராக் மாமா ராக்': ரிக் டாங்கோவின் ஆம்பெக் நிறுவன பேஸ்.
ஜேம்ஸ் டெய்லரின் 'ஃபயர் அண்ட் ரெயின்': பேஸே இல்லை, செல்லோ மட்டும் கேட்கிறது.

தப்பு இருந்தால் திருத்துங்கள். அந்த ஒலிக்கு எந்த பேஸ் வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

#2 மந்தரஸ்தாயி

தம்பி, பட்டியலை முழுக்கப் படித்தேன். உழைத்திருக்கிறீர்கள், ஆனால் நீங்கள் எழுதிய மூன்றுமே வேறு இடத்துக்குப் போய்விட்டன. காரணம் ஒன்றுதான். படத்தில் தொடங்கிவிட்டீர்கள். நான் இருபது வருஷமாக இந்த வேலையைப் பைத்தியமாகச் செய்துகொண்டிருக்கிறேன். எப்போதும் முதல் கேள்வி, அன்றைக்கு அந்த அறையில் வாசித்தது யார்? அது தெரிந்த பிறகு கம்பி என்ன, விரலால் வாசித்ததா பிக் என்ற சின்னத் தகட்டாலா என்று காதால் பார்க்க வேண்டும். கருவியின் பெயர் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வரும்.

'மிஸ்டர் டாம்பரின் மேன்' பதிவானது 1965 ஜனவரி 20, ஹாலிவுட்டில் கொலம்பியா ஸ்டூடியோ. தயாரிப்பு டெர்ரி மெல்ச்சர். பேர்ட்ஸ் அப்போது புதுக்குழு. அவர்கள் வாசிப்பின் மேல் மெல்ச்சருக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் அனுபவமுள்ள ஸ்டூடியோ வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டார்கள். டிரம்ஸ் ஹால் பிளேன், மின்பியானோ லியோன் ரஸல், ரிதம் கிட்டார் ஜெர்ரி கோல், பேஸ் லாரி நெக்டல். குழுவிலிருந்து வாத்தியம் தொட்டவர் ரோஜர் மெக்வின் ஒருவர்தான், அந்தப் பன்னிரண்டு கம்பி ரிக்கன்பேக்கர் கிட்டாரோடு. டேவிட் கிராஸ்பியும் ஜீன் கிளார்க்கும் பாட மட்டும் செய்தார்கள். ஹில்மனின் விரல் அந்தப் பாட்டில் எங்குமே இல்லை. அவர் அதுவரை புளூகிராஸ் குழுக்களில் மாண்டலின் வாசித்தவர், பேஸை பேர்ட்ஸில் சேர்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டார். ஆல்பத்தின் மற்றப் பாட்டுகளில் பெரும்பாலும் அவர்தான் வாசித்தார், நன்றாகவும் வாசித்தார். ஒரே தட்டில் இரண்டு பேஸ்காரர்கள் என்று வைத்துக்கொண்டு கேளுங்கள்.

'ராக் மாமா ராக்' இன்னும் அழகான கதை. 1969-இல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பம். அந்தப் பாட்டில் ரிக் டாங்கோ பேஸைக் கீழே வைத்துவிட்டு ஃபிடில் எடுத்துக்கொண்டார். டிரம்ஸ்காரர் லெவன் ஹெல்ம் மாண்டலினுக்குப் போனார், ரிச்சர்ட் மானுவல் டிரம்ஸில் உட்கார்ந்தார். பேஸுக்கு ஆள் இல்லை. தயாரிப்பாளர் ஜான் சைமன் டியூபாவை எடுத்து ஊதினார். நீங்கள் கேட்கும் அந்த 'பூம்' ஊதுகுழல், கம்பியே கிடையாது.

'ஃபயர் அண்ட் ரெயின்' பாட்டில் கேட்பதும் செல்லோ இல்லை. பாபி வெஸ்ட் டபுள் பேஸை (நிறுத்தி வாசிக்கும் பெரிய மர பேஸ்) வில்லால் இழுக்கிறார். 1970-இல் வெளியான 'ஸ்வீட் பேபி ஜேம்ஸ்' ஆல்பம் அது. ரஸ் கன்கல் பிரஷ்ஷால் டிரம்ஸ் வாசிக்க, கரோல் கிங் பியானோ வாசிக்க, அடியில் இந்த வில் நாதம் இழைகிறது. கடைசிப் பகுதியில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். செல்லோவுக்கு அவ்வளவு பெரிய மரப்பெட்டி கிடையாது, அந்தக் கனம் வராது.

#3 பழையடேப்

காலியாக விட்ட இடத்தை நான் நிரப்புகிறேன். 'கலிஃபோர்னியா ட்ரீமின்' பேஸ், ஜோ ஆஸ்பார்ன்.

அந்தப் பாட்டின் இசைத்தடம் முதலில் மாமாஸ் அண்ட் பாபாஸுக்காகப் பதிவானதே இல்லை. பாடகர் பேரி மெக்குவயர் பாடுவதற்காக 1965-இல் எடுத்தது. இவர்கள் நால்வரும் பின்னணி பாடத்தான் போனார்கள். பிறகு அதே தடத்தை வைத்துக்கொண்டு, மெக்குவயரின் குரலை அழித்து, குழுவின் டென்னி டோஹர்டியைப் பாட வைத்தார்கள். நடுவில் பட் ஷாங்கின் ஆல்டோ புல்லாங்குழலையும் சேர்த்தார்கள். அழித்தது முழுசாகப் போகவில்லை. ஸ்டீரியோ பதிப்பில் தொடக்கத்தில் இடது காதை மட்டும் கவனியுங்கள், மெக்குவயரின் குரல் ஒரு கணம் நிழல் மாதிரி வந்து போகும். நான் முதல் தடவை அதைக் கேட்டபோது டேப்பை நிறுத்தி, திருப்பி, பத்துத் தடவை கேட்டேன்.

அதனால் குழுவின் மேடைப் படத்தையோ டிவி படத்தையோ எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் ஆஸ்பார்ன் கிடைக்கமாட்டார். அந்தக் காலத்து டிவி நிகழ்ச்சிகளில் பலவும் தட்டை ஓடவிட்டு வாயசைத்தவை. கையில் இருப்பது அன்றைக்குக் கிடைத்த கிட்டாராக இருக்கும், வயர்கூடச் செருகியிருக்காது.

#4 புதுவிரல்

மூன்றும் தப்பா! டியூபா என்று நினைத்தே பார்க்கவில்லை. இப்போது மறுபடி போட்டுக் கேட்டால், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னால் காற்று உள்ளே போவது கேட்கிற மாதிரி இருக்கிறது.

ஆஸ்பார்ன் என்ன பேஸ் வைத்திருந்தார் சார்? நான் தேடும் ஒலி அதுதான்.

#5 மந்தரஸ்தாயி

இங்கே கருவியைத் தைரியமாகச் சொல்லலாம். 1960-ஆம் வருஷத்து ஃபெண்டர் ஜாஸ் பேஸ். அந்த மாடல் வெளிவந்த முதல் வருஷம் அது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய குமிழ்கள் இருக்கும் ஆரம்ப வகை. பாடகர் ரிக்கி நெல்சனோடு ஊர் ஊராகப் போன காலத்தில் அவர் கைக்கு வந்த கருவி. அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கு அதையே வைத்து வாசித்தார்.

ஆனால் நீங்கள் தேடும் 'சட்டென்று அடங்கும்' ஒலியில் ஜாஸ் பேஸின் பங்கைவிட மற்ற இரண்டின் பங்கு பெரிது. ஒன்று கம்பி. அவர் போட்டிருந்தது ஃப்ளாட்வவுண்ட், அதையும் வருஷக்கணக்கில் மாற்றாமலே வைத்திருந்தார். இன்றைக்குக் கடையில் வாங்கும் பெரும்பாலான பேஸ்களில் ரவுண்ட்வவுண்ட் கம்பிதான் போட்டு வரும், அதாவது உருண்டைக் கம்பியைச் சுற்றியது. விரல் ஓட்டினால் ரம்பம் மாதிரி இருக்கும், ஒலியும் பளபளவென்று நீளும். ஃப்ளாட்வவுண்டில் வெளிச்சுற்று பட்டையான நாடா. வழவழவென்று இருக்கும், மேல் ஸ்தாயிக் கூறுகள் சீக்கிரம் செத்துவிடும். ரோட்டோசவுண்ட் நிறுவனத்தின் ரவுண்ட்வவுண்ட் பிரபலமானதே 1966-க்குப் பிறகு. அதனால் 1965 அமெரிக்கப் பதிவு என்றால் ஃப்ளாட்வவுண்ட் என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

இன்னொன்று, பிக். ஆஸ்பார்ன் பிக்கால் அடிப்பவர். பழைய ஃப்ளாட்வவுண்டை பிக்கால் அடித்தால் முதலில் 'டக்' என்று ஒரு தெளிவான தட்டல், உடனே அடியில் உருண்டையாக ஒரு 'டும்', அப்புறம் அமைதி. டிரம்ஸுக்கு நடுவில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகத் தெரிவது அந்த 'டக்' இருப்பதால்தான்.

சைமன் அண்ட் கார்ஃபங்கலின் 'பிரிட்ஜ் ஓவர் ட்ரபிள்டு வாட்டர்' பாட்டிலும் அவர்தான். அதில் ஒரு பேஸ் இல்லை, இரண்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு தனித்தடங்கள் வாசித்திருக்கிறார். பியானோ வாசித்தது யார் தெரியுமா? மேலே பேர்ட்ஸ் பாட்டில் பேஸ் வாசித்தாரே, அதே லாரி நெக்டல். ஒரு சின்ன வட்டத்து ஆட்கள்தான் அந்த ஊரின் பாதிப் பாட்டுகளையும் வாசித்தார்கள்.

#6 நாலுதந்தி

எல்லோருக்கும் வணக்கம். புதுவிரல் தம்பி, புது பேஸ் எதுவும் வாங்கிவிடாதீர்கள். நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது சாதாரண பிரிசிஷன் வகை (ஃபெண்டரின் இன்னொரு மாடல்) பேஸ், பெரிய விலை இல்லை. போன வருஷம் ஃப்ளாட்வவுண்ட் செட் ஒன்று வாங்கிப் போட்டேன். மாற்றிய உடனே தெரிந்தது, விரல் நகர்ந்தால் வரும் 'கீச்' சத்தம் சுத்தமாக இல்லை. ஆனால் ஒலி இன்னும் நீளமாகவே இருந்தது. அப்புறம் பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் ஸ்பாஞ்ச் ஒன்றை விரல் அகலத்துக்கு வெட்டி, உடம்பில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் செருகினேன். முதலில் ரொம்ப இறுக்கிவிட்டேன், கட்டையைத் தட்டின மாதிரி வந்தது. மேலிருந்து ஒரு மெல்லிய சீவல் எடுத்துவிட்டு, கம்பியை லேசாகத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்தேன். வந்துவிட்டது! மிருதங்கத்தில் தொப்பியைத் தட்டி உள்ளங்கையால் லேசாக அமுக்கினால் வருமே, அந்த மாதிரி ஒரு உருண்டை.

நான் கண்டுபிடித்தது இல்லை இது. அந்தக் காலத்து ஃபெண்டர் பேஸ்களில் பிரிட்ஜ் மேல் ஒரு குரோம் மூடி இருக்கும், அதன் உள்பக்கம் இதே வேலைக்காக ஒரு பஞ்சோ ரப்பரோ ஒட்டித்தான் கொடுத்தார்கள். பலர் மூடியைக் கழற்றி எறிந்தார்கள், பஞ்சும் அதோடு போயிற்று. கரோல் கே மாதிரி ஸ்டூடியோ வாசிப்பாளர்கள் ஃபெல்ட் துண்டு வைத்து, பிக்கால் அடித்து, அதையே தங்கள் முத்திரையாக்கிக்கொண்டார்கள்.

#7 குட்டைநெக்

நண்பர்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கம்பியும் கையும் முக்கியம், சரி. அதற்காகக் கருவியைக் கடைசி பெஞ்சில் உட்கார வைப்பதை ஏற்க முடியாது.

ஃபெண்டரில் நட்டிலிருந்து (கழுத்தின் மேல் நுனியில் கம்பியைத் தாங்கும் கட்டை) பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் 34 அங்குலம். கிப்சன் ஈபி வகைகளில் 30.5. வயலின் வடிவ ஹோஃப்னரில் 30. அதே சுருதிக்கு நீளம் குறைந்தால் இழுவிசையும் குறையும். கம்பி தளர்வாக ஆடும், ஸ்வரம் கொழுத்து வரும், மேல் பகுதியில் கூர்மை குறையும். இதை எந்த ஸ்பாஞ்ச் வைத்தும் 34 அங்குலக் கருவியில் கொண்டுவர முடியாது.

அடுத்தது, கம்பியின் அதிர்வை மின்குறியாக்கும் பிக்கப் இருக்கும் இடம். கம்பி அதிரும்போது அதன் ஒலியில் கலந்திருக்கும் கூறுகளில் (ஹார்மானிக்) சில, சில இடங்களில் அசைவே இல்லாமல் நிற்கும். திறந்த கம்பியின் (விரல் வைக்காத கம்பி) நீளத்தில் நான்கில் ஒரு பங்கு இடத்தில் பிக்கப்பை வைத்தால் நாலாவது கூறு அதற்குக் கேட்கவே கேட்காது. கிப்சன் ஈபி-0-வில் பெரிய பிக்கப் ஒன்று நெக் ஓரத்திலேயே இருக்கிறது, அதனால்தான் அந்தக் கும்மென்ற சேற்று ஒலி. ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப். இரண்டையும் முழுசாகத் திறந்தால் நடுப்பகுதி கொஞ்சம் குழிந்துவிடும். பழகிய காதுக்கு இதெல்லாம் கைரேகை மாதிரி.

அப்புறம் ஆம்பெக். 'ராக் மாமா ராக்' தப்பானாலும் டாங்கோவையும் ஆம்பெக்கையும் சேர்த்து நினைத்தது தப்பில்லை. 1970 வாக்கில் அவர் கையில் அந்த ஃப்ரெட் (மெட்டு) இல்லாத ஆம்பெக்கைப் பார்க்கலாம். தலையில் வயலின் மாதிரி சுருள், உடம்பில் முன்னாலிருந்து பின்னால் வரை ஊடுருவும் இரண்டு எஃப் வடிவ ஓட்டைகள். ஆம்பெக் அதை 1966-இல் கொண்டுவந்தது, ஃப்ரெட் இல்லாத மின்பேஸை ஒரு நிறுவனம் வரிசையாகத் தயாரித்து விற்றது அதுதான் முதல் தடவை. அதைக் காதால் பிடிக்க முடியும். ஃப்ரெட் உள்ள பேஸில் விரலை வழுக்கினால் ஒலி படிப்படியாக ஏறும், மாடிப்படி மாதிரி. ஃப்ரெட் இல்லாததில் வீணையில் இழுக்கிற மாதிரி தொடர்ச்சியாக ஏறும்.

#8 மந்தரஸ்தாயி

குட்டைநெக் சொன்ன நீளக்கணக்கு முழுக்கச் சரி. குட்டை பேஸா நெட்டை பேஸா என்பதைக் காதால் சொல்லலாம், நான் மறுக்கவில்லை. வீணையைச் சொன்னதில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம். வீணையிலும் மெட்டு உண்டு, அங்கே கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் தொடர்ச்சி வருகிறது. மெட்டே இல்லாத கோட்டுவாத்தியத்தை நினைத்துக்கொண்டால் ஆம்பெக்குக்குச் சரியாகப் பொருந்தும்.

நான் பயப்படுவது அதற்கு அடுத்த படிக்கு. ஒரே நீளம், ஒரே கம்பி, பதிவான டேப், அதன் மேல் ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்பிரஸர், கடைசியில் ரேடியோவுக்காகக் கீழ்ப்பகுதியை வெட்டிய மிக்ஸ். இத்தனையும் தாண்டி வந்த ஒலியைக் கேட்டுவிட்டு 'இது 1962 பிரிசிஷன்' என்று அடித்துச் சொல்கிறார்களே, அது எனக்கு ஒத்துவரவில்லை.

உறையில் அச்சிட்ட பெயரும் ஏமாற்றும். அந்தக் காலத்து ஆல்பங்களில் 'ஃபெண்டர் பேஸ்' என்று போட்டிருப்பார்கள். உடனே ஃபெண்டர் கம்பெனி பேஸ் என்று எழுதிக்கொள்ளக் கூடாது. நாம் நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்று சொல்கிற மாதிரி, மின்பேஸ் எதுவாக இருந்தாலும் அதற்கு அப்போது அதுதான் பெயர். டபுள் பேஸிலிருந்து பிரித்துக் காட்ட வாத்தியக்காரர் சங்கத்தின் ஒப்பந்தத் தாள்களிலும் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் அந்தத் தாள்கள் பொக்கிஷம். கருவியின் பெயர் இல்லாவிட்டாலும் அன்றைக்கு யார் வந்து கூலி வாங்கினார்கள் என்று இருக்கும். பேர்ட்ஸ் விஷயத்தில் சந்தேகமே இல்லாமல் பேச முடிவது இப்படிப்பட்ட தடயங்களால்தான்.

கை எவ்வளவு முக்கியம் என்பதற்கு லீலண்ட் ஸ்க்லார் ஒருவர் போதும். ஜேம்ஸ் டெய்லரோடு 1970-களில் வாசித்தவர். அவர் தன் பேஸில் ஒரு சின்ன சுவிட்ச் பொருத்தியிருக்கிறார், அது எதோடும் இணைக்கப்படவில்லை. தயாரிப்பாளர் 'வேறு ஒலி வேண்டும்' என்றால் அவர் பார்க்கும்படி சுவிட்சைத் தட்டுவார், விரல் வைக்கும் இடத்தைக் கொஞ்சம் மாற்றுவார். கேட்டவருக்குத் திருப்தி. அதற்குப் பெயரே தயாரிப்பாளர் சுவிட்ச்.

#9 குட்டைநெக்

மந்தரஸ்தாயி சார், கோட்டுவாத்தியம், சரியான வார்த்தை. ஏற்றுக்கொள்கிறேன்.

படத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். பழைய ஆல்பம் உறைகளிலும் பத்திரிகைகளிலும் ஸ்லைடை இடம் வலமாகப் புரட்டி அச்சிட்ட படங்கள் நிறைய. சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பாருங்கள், ஹெட்ஸ்டாக் (கிட்டாரின் தலை) எழுத்தைப் பாருங்கள். இப்படி இடம் வலம் மாறிவிட்ட படத்தை வைத்து இடதுகைக்காரர் என்று வாதாடியவர்களை எனக்குத் தெரியும்.

கருவி கையில் இருந்தாலும் சோதனை வேண்டும். எனக்கே நடந்தது. பல வருஷத்துக்கு முன் ஒருவரிடம் '1962 பேஸ்' என்று பெரிய தொகை கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து முகப்புத் தகடான பிக்கார்டைக் கழற்றி, வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் 'பாட்' என்ற மின்பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் 304 என்று தொடங்கி அடுத்து 6612 என்று குத்தியிருந்தது. 304 என்பது ஸ்டாக்போல் நிறுவனத்தின் எண். அடுத்த நான்கு இலக்கம் 1966-ஆம் வருஷம், 12-ஆவது வாரம். நெக்கின் அடியிலும் தேதி முத்திரை அதற்கு ஒத்துத்தான் இருந்தது. பணம் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து திருகுப்புளி இல்லாமல் எந்தப் பழைய பேஸையும் பார்க்கப் போவதில்லை.

#10 பழையடேப்

புதுவிரல், உங்கள் காதைத் தீட்ட ஒரு பயிற்சி. இங்கிலாந்துப் பக்கம் வாருங்கள்.

நிக் டிரேக் வாழ்ந்த காலத்தில் வந்தது மூன்றே ஆல்பம். மூன்றும் லண்டன் செல்சீயில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோவில், ஒலிப்பதிவு ஜான் வுட். முதலாவது 1969-இல் வந்த 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்', அதில் பென்டாங்கிள் குழுவின் டேனி தாம்ஸன் டபுள் பேஸ். 1971-இல் வந்த 'பிரைட்டர் லேட்டர்' ஆல்பத்தில் ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் டேவ் பெக் மின்பேஸ், அதே குழுவின் டேவ் மேட்டக்ஸ் டிரம்ஸ். மூன்றாவதான 'பிங்க் மூன்' 1972. அதில் பேஸே கிடையாது.

அதாவது அதே குரல், அதே அறை, பதிவு செய்தவரின் அதே காது. மாறுவதில் நாம் கவனிக்க வேண்டியது பேஸ். முதல் ஆல்பத்தில் 'த்ரீ அவர்ஸ்', இரண்டாவதில் 'ஹேஸி ஜேன் டூ', இரண்டையும் ஒன்றன் பின் ஒன்றாகப் போடுங்கள். டபுள் பேஸில் ஸ்வரம் அடித்த கணத்தைவிட ஒரு நொடித்துளி கழித்துத்தான் முழுசாக மலரும், மரம் மூச்சு விடுகிற மாதிரி. மின்பேஸில் அடித்த கணத்திலேயே முழு உருவம் வந்து நிற்கும். அப்புறம் 'பிங்க் மூன்' போட்டுப் பாருங்கள். கிட்டாரின் தடித்த கம்பி மேல் அவர் கட்டைவிரல் எவ்வளவு பாரத்தைத் தூக்குகிறது என்பது பேஸ் இல்லாதபோதுதான் புரியும். எனக்கு அந்த மூன்றாவதுதான் உயிர்.

ஒரு உபாயம். கேட்கும்போது பேஸ் குமிழை ஏற்றாதீர்கள். மிகத் தடித்த ஈ (E) கம்பியைத் திறந்து அடித்தால் அடிச்சுருதி 41 ஹெர்ட்ஸ்தான். அங்கே எல்லா பேஸும் ஒரே மாதிரி உறுமும். கீழ்ப்பகுதியைக் குறைத்து நடுப்பகுதியை ஏற்றுங்கள். பிக்கின் தட்டல், விரலின் சதை, ஃப்ரெட்டில் கம்பி படும் ஓசை எல்லாம் நடுவிலும் மேலேயும்தான் இருக்கிறது.

#11 புதுவிரல்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஃப்ளாட்வவுண்ட் வருவதற்குக் காத்திருந்தேன். நேற்று வந்தது.

நாலுதந்தி அக்கா, ஸ்பாஞ்சை நானும் முதலில் இறுக்கித்தான் வைத்தேன்! இரண்டு தடவை சீவிய பிறகு சரியாக வந்தது. பிக் எடுத்து 'கலிஃபோர்னியா ட்ரீமின்' கூடவே வாசித்தேன். என் பேஸும் பதிவில் இருக்கும் பேஸும் ஒட்டிக்கொண்டு எது எது என்று தெரியாத இரண்டு மூன்று இடம் வந்தது. கை நடுங்கிவிட்டது. இந்த பேஸை விற்கவா என்று போன மாதம் யோசித்தேன்.

பழையடேப் சார் சொன்ன பயிற்சியை ஐந்து நாள் செய்தேன். முதல் நாள் வித்தியாசமே தெரியவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி ஹெட்ஃபோனில், நடுப்பகுதியை ஏற்றிவைத்துக் கேட்டபோது டேனி தாம்ஸனின் விரல் கம்பியை விட்டு விலகும் சத்தம் கேட்டது. ஸ்வரம் தொடங்கும் சத்தம் இல்லை, அதற்கு முந்தின ஸ்வரம் முடியும் சத்தம். அதற்கப்புறம் எல்லா இடத்திலும் அதுவே கேட்கிறது.

ஒரே ஒரு இடம் மட்டும் இன்னும் சரியாகவில்லை. 'மிஸ்டர் டாம்பரின் மேன்' தொடக்கத்தில் பன்னிரண்டு கம்பிக் கிட்டார் அடியெடுத்ததும் பேஸ் வழுக்கிக்கொண்டு வருகிறதே, அது எனக்கு அழுக்காக வருகிறது. ஸ்பாஞ்ச் பிடித்துக்கொள்கிறதா?

#12 மந்தரஸ்தாயி

ஸ்பாஞ்ச் ஒரு காரணம். அந்தப் பாட்டுக்கு அதை எடுத்துவிட்டு, பிரிட்ஜ் பக்கம் உள்ளங்கை ஓரத்தை லேசாக வைத்துக்கொள்ளுங்கள். வழுக்கும் நேரத்தில் மட்டும் கையைத் தூக்குங்கள், ஸ்வரம் சேர்ந்ததும் திரும்ப வையுங்கள். இடது விரலை வழுக்கும்போது அழுத்தத்தைக் குறைக்கக் கூடாது, எல்லோரும் அங்கேதான் விடுகிறோம். சேர வேண்டிய இடத்துக்கு முன்கூட்டியே கண் போகட்டும்.

நாளைக்குப் பதிவு செய்து இங்கே போடுங்கள், தம்பி. கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.